மூன்று அரசு மருத்துவமனைகள் சேர்ந்து மருந்து வாங்கினால் விலை குறையுமா? எங்கிருந்து தொடங்குவது?

கடலோர_ஸ்டோர் கேட்டது:

வணக்கம். நான் ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் மருத்துவமனையில் மருந்து ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். படுக்கைகள் குறைவுதான். ஆனால் ஓய்வுபெற்ற ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்து ஓ.பி.யில் எப்போதும் கூட்டம். பெரும்பாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மூட்டு வலி என்று மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்கள்.

இதே ஊரில் மத்திய அரசைச் சேர்ந்த இன்னும் இரண்டு மருத்துவமனைகள் உண்டு. துறைகள் வேறு, தலைமை அலுவலகங்கள் வேறு. சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் மூன்று ஸ்டோர்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பேச்சுவாக்கில் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 5 மி.கி. என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று பேருக்கும் மூன்று விலை! அதிலும் எங்கள் இருவருக்குச் சப்ளை செய்வது ஒரே ஏஜென்சி. அதே கம்பெனி, அதே ஸ்ட்ரிப், விலை மட்டும் வேறு. எங்களுடையதுதான் அதிகம். அன்றைக்கு ராத்திரி முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. அது ஊழியர்களின் பணம், ஒரு வகையில் ஊர்ப் பணம்.

மூவரும் சேர்ந்து ஒரே டெண்டர் போட்டால் என்ன என்று எங்கள் மருத்துவ அதிகாரியிடம் கேட்டேன். "எழுதிக் கொண்டு வாங்க, மேலே அனுப்பலாம்" என்றார். எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றே புரியவில்லை. தமிழ்நாட்டில் டி.என்.எம்.எஸ்.சி. (தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்) செய்தது இதைத்தான் என்று தெரியும். அது மாநில அளவில் பெரிய வேலை. எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_மருந்தாளுநர் பதில்:

தம்பி, நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து, பிறகு மாவட்ட மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கழகம் வருவதற்கு முன்பும் வந்த பின்பும் ஸ்டோருக்குள் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இங்கும் உங்கள் ஊர் நிலைமைதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒரு இயக்ககத்தின் கீழ், மாவட்ட, தாலுகா மருத்துவமனைகள் இன்னொன்றின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழ். அவரவர் தேவைக்கு அவரவர் கொள்முதல். மாத்திரை ஆயிரம் ஆயிரமாக டின்னில் வரும். மழைக்காலத்தில் மூடியைத் திறந்தால் இரும்புச்சத்து மாத்திரையின் சர்க்கரைப் பூச்சு இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். நல்லதாக இருப்பதை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச், எப்போது காலாவதி என்ற விவரம் எதுவும் நோயாளி கைக்குப் போகாது. அலமாரியில் யாரும் எழுதாத இருமல் மருந்து பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும், வார்டில் சலைன் இல்லாமல் நர்ஸ் அலைந்துகொண்டிருப்பார். அந்தக் காலத்துக் கொள்முதலில் நடந்த முறைகேடுகள் பத்திரிகைகளில் வந்து நாறியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1994 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து வழங்கத் தொடங்கியது. முதல் மேலாண்மை இயக்குநர் பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். எல்லாத் துறைக்கும் ஒரே இடத்தில் கொள்முதல், மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, அங்கிருந்து மருத்துவமனைகள் எடுத்துக்கொள்வது என்பது ஏற்பாடு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "மொத்தமாக வாங்கினார்கள், விலை குறைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் பார்த்த வரையில் விலை குறைந்ததற்கு அளவு மட்டும் காரணம் இல்லை. நீங்கள் மூன்று சின்ன மருத்துவமனைகள். அளவை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஆகவே மற்ற காரணங்களைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் பட்டியல். டெண்டருக்கு முன்பே நடந்த வேலை அது. எந்த மருந்து வேண்டும், எந்த வீரியத்தில், எந்த வடிவத்தில் என்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசி, பல நூறு பெயர்களாகப் பரந்து கிடந்ததைச் சில நூறு அத்தியாவசிய மருந்துகளாகக் குறைத்தார்கள். எல்லாம் பொதுப் பெயரில், பிராண்ட் பெயரே கிடையாது. கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் இதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை. ஒரு டாக்டருக்கு அமாக்சிசிலின் தனியாக வேண்டும், இன்னொருவருக்குக் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது வேண்டும், மூன்றாமவர் இருபது வருடமாக எழுதிய கூட்டு மாத்திரையை விடமாட்டார். மூன்று மருத்துவமனையும் மூன்று விதமாக எழுதினால் உங்களிடம் இருப்பது மூன்று சின்ன ஆர்டர்கள்தான். ஒரே வீரியம், ஒரே வடிவம் என்று ஒத்துக்கொண்டால்தான் அது ஒரு பெரிய ஆர்டராகும்.

அடுத்தது பணம். ஒரு கம்பெனி விலை சொல்லும்போது மருந்தின் செலவை மட்டும் கணக்குப் போடுவதில்லை. பில் எத்தனை மாதம் தொங்கும், யார் யாரைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், சொன்ன அளவை உண்மையில் எடுப்பார்களா என்பதையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறது. சரக்கு வந்து தர ஆய்வில் தேறினால் பணம் வந்துவிடும், நடுவில் யாரையும் கவனிக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை கழகத்தின் மேல் வந்தது. அதற்குப் பிறகுதான் நல்ல கம்பெனிகள் அடிமட்ட விலைக்கு வந்தன. சில மருந்துகள் கடை விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்தன. ஏஜென்சிகள் வழியாக வாங்காமல் தயாரிப்பாளரிடமே நேராக வாங்கியதும் இதில் சேர்த்தி. உங்கள் ஊரில் ஒரே ஏஜென்சி இருவருக்கு இரண்டு விலை போடுகிறது என்றீர்களே, உங்கள் இரண்டு அலுவலகமும் பில் பாஸ் செய்ய எவ்வளவு காலம் எடுக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடை அதில் இருக்கலாம்.

டெண்டர் இரண்டு உறை முறை. முதல் உறையில் கம்பெனியின் தகுதி: உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, சந்தையில் எத்தனை வருடம், வருட விற்றுமுதல் எவ்வளவு. அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். தேறாதவர் காலணாவுக்குக் கொடுக்கிறேன் என்றாலும் அந்த உறை திறக்காது.

பாஸ்புக் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வருட ஒதுக்கீடு ஒரு பாஸ்புக்கில் பணமாக எழுதப்பட்டிருக்கும். பார்மசிஸ்ட் அதை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வருவார். என்ன எடுத்தார், அதன் மதிப்பு என்ன, பாக்கி எவ்வளவு என்று அங்கேயே பதிவாகும். தன் தேவைக்கு எது வேண்டுமோ அதை எடுக்கும் உரிமை மருத்துவமனையிடமே இருந்தது. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பாம்புக்கடி மருந்து அதிகம் வேண்டும், இன்னொன்றுக்குச் சர்க்கரை மாத்திரை அதிகம் வேண்டும். வாங்குவது ஒரே இடம், முடிவெடுப்பது அவரவர். நீங்கள் மூவரும் சேர்ந்தால் இந்த உரிமையை யாரும் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் ஒருவர் விலகிவிடுவார்.

வார்டு_டாக்டர் பதில்:

மருந்தாளுநர் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் குறைந்த விலைக்கு வருவது என்றாலே எனக்குக் கை நடுங்குகிறது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டெண்டரில் வந்த மயக்க மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று அறுவை அரங்கிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொன்று: ஒரே கம்பெனிக்கு மொத்த ஆர்டரும் போய், அந்தக் கம்பெனி கைவிட்டால்? மூன்று மருத்துவமனையும் ஒரே நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். தனித்தனியாக வாங்கும்போது ஒருவரிடமாவது இருக்கும், கடன் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய_மருந்தாளுநர் பதில்:

டாக்டர், உங்கள் பயம் நியாயமானது. விலையை மட்டும் பார்த்து வாங்கிய இடங்களில் நீங்கள் சொன்னது நடந்திருக்கிறது. அதற்காகத்தான் கிடங்கில் ஆய்வு என்று ஒரு கட்டம் வைத்தார்கள். நேரில் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

லாரி வந்து இறங்கியதும் சரக்கு நேராக அலமாரிக்குப் போகாது. தனியாக ஒரு பக்கம் அடுக்கி வைப்போம். தொடக்கூடாது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைக்குப் போகும். அங்கே கம்பெனிப் பெயர் தெரியாதபடி மறைத்து, ஒரு ரகசிய எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆய்வகத்துக்குத் தான் யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று தெரியாது, கம்பெனிக்கும் தன் சரக்கு எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று தெரியாது. தேறியது என்று தகவல் வந்த பிறகுதான் பாஸ்புக்கில் கொடுக்க முடியும். தேறாவிட்டால் அந்த பேட்சைக் கம்பெனியே திரும்ப எடுத்துப் போக வேண்டும். திரும்பத் திரும்பத் தேறாவிட்டால் கருப்புப் பட்டியல். ஓ.பி.யில் வரிசை நீண்டு நிற்கும், சரக்கு கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் எடுக்க முடியாது. அந்த நாட்களில் மருத்துவமனைகளிலிருந்து வந்த போன்களில் வசவும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் அந்தப் பழக்கத்தை யாரும் தளர்த்தவில்லை. அதனால்தான் அந்த மாத்திரையை என் வீட்டுக்கும் நம்பி வாங்கினேன்.

இதில் கடலோரத் தம்பிக்கு ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தனியாக வாங்கும் ஒரு சின்ன மருத்துவமனையால் பேட்சுக்குப் பேட்ச் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாது. ஆகவே கம்பெனி கொடுக்கும் சான்றையே நம்பிக் கோப்பில் போடுகிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே பேட்ச் வாங்கினால் ஆய்வு ஒன்றுதான், செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விலையை இரண்டாவதாக வைத்து, இதையே முதல் காரணமாக மேலிடத்துக்கு எழுதுவேன்.

ஒரே கம்பெனி பிரச்சினைக்கும் வழி உண்டு. குறைந்த விலை சொன்னவரின் விலைக்கே இரண்டாமவரும் ஒப்புக்கொண்டால் அவருக்கும் ஒரு பங்கு ஆர்டர் கொடுக்கலாம் என்று டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. தாமதத்துக்கு அபராதமும், சப்ளை செய்யாவிட்டால் வெளியில் வாங்கி வித்தியாசத்தை அவரிடமே பிடிக்கும் உரிமையும் அப்படித்தான். அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கவும் ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதி வேண்டும். இங்கே பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வைத்திருந்தார்கள். அதைப் பெரிதாக்க மட்டும் விடாதீர்கள். அது வளர வளர, டெண்டரில் சொன்ன அளவை எடுக்காமல் விடுவீர்கள். அடுத்த முறை கம்பெனி உங்களை நம்பாது.

புற்றுநோய்ப்_பிரிவு பதில்:

நான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்தில் இருக்கிறேன். மாநில அரசு மாதிரி ஒரு பெரிய கழகம் இல்லாமலே சேர்ந்து வாங்க முடியும் என்பதற்கு நேஷனல் கேன்சர் கிரிட் நல்ல உதாரணம், அதனால் எழுதுகிறேன்.

மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை முன்னின்று 2012இல் தொடங்கிய கூட்டமைப்பு அது. நாடு முழுக்க இருக்கும் புற்றுநோய் மையங்கள் உறுப்பினர்கள், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் உண்டு. அரசு மையங்களும் இருக்கின்றன, அறக்கட்டளை மையங்களும் இருக்கின்றன. எல்லாமே தனித்தனி நிர்வாகம், உங்கள் மூன்று மருத்துவமனைகள் போலத்தான். அவர்கள் எடுத்த எடுப்பில் எல்லா மருந்தையும் வாங்க முயலவில்லை. 40 மருந்துகளை மட்டும் எடுத்து, 23 மையங்கள் அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த விலைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், தேவையைக் கூட்டி ஒரே பேச்சாகப் பேசினார்கள். சேமிப்பு சுமார் 82 சதவீதம், ரூபாயில் 1,320 கோடி. மருந்துக்கு மருந்து வித்தியாசம் பெரிது: சிலவற்றில் 23 சதவீதம், சிலவற்றில் 99 சதவீதம் வரை. பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்துகளில்தான் அதிகம் குறைந்தது. ஒரே கம்பெனி காப்புரிமையோடு வைத்திருக்கும் மருந்தில் அவ்வளவு அசைவு இருக்காது, போட்டி போட ஆளே இல்லையே.

இந்த எண்களை எங்கள் நோயாளிகளின் முகங்களோடு சேர்த்துத்தான் என்னால் படிக்க முடிகிறது. மூன்றாவது சுழற்சிக்குப் பணம் புரட்ட முடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. விலை குறைந்தால் அதில் சிலராவது முடித்துவிட்டுப் போவார்கள்.

நண்பருக்கு என் யோசனை: நீங்களும் முப்பது நாற்பது மருந்தோடு தொடங்குங்கள். ஸ்டோர் கணக்கை எடுத்து, எந்த மருந்துக்குப் பணம் அதிகம் போகிறது என்று மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். ஒரு சிறு பகுதி மருந்துகளே பட்ஜெட்டின் பெரும்பங்கைத் தின்பதைப் பார்ப்பீர்கள். அவற்றில் பல கம்பெனிகள் தயாரிப்பது எது எது என்று குறியுங்கள். அதுதான் உங்கள் முதல் பட்டியல்.

வடமராட்சி_மருந்தாளர் பதில்:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இது 1971இலேயே ஆரம்பமானது. பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கினார், அவரே முதல் தலைவர். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 600 ஆகக் குறைத்து, உலகச் சந்தையில் கேள்வி (டெண்டர்) கோரி மொத்தமாகக் கொள்வனவு செய்தார்கள். இந்திய நண்பர் சொன்ன பட்டியல் கதை எங்களுக்கும் அப்படியே பொருந்தும். அரச வைத்தியசாலைகளுக்கு இன்றைக்கும் மருத்துவ வழங்கல் பிரிவு ஊடாகத்தான் மருந்து வருகிறது.

ஆனால் ஒன்றை வேதனையோடு சொல்ல வேண்டும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது, எவ்வளவு நல்ல முறை இருந்தும் மருந்து வரவில்லை. தட்டுப்பாட்டைச் சாட்டி அவசரக் கொள்வனவு என்ற கதவைத் திறந்தார்கள். வழமையான பரிசீலனைகள் தளர்ந்தன. அந்தக் கதவால்தான் போலி ஆவணங்களோடு தரமற்ற இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத ஊசி மருந்து) வைத்தியசாலைகளுக்குள் வந்தது. 2023இல் அது வெளியே தெரிந்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். ஆகவே அவசரத்துக்கு வாங்கும் விதியை எழுதும்போது, யார் அனுமதிப்பது, எவ்வளவு வரை, என்ன பரிசோதனை என்பதை மிகக் கவனமாக எழுதுங்கள். அவசரம் என்றாலும் பரிசோதனையை விடவேண்டாம்.

கடலோர_ஸ்டோர் பதில்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆய்வுச் செலவைப் பகிரலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குறிப்பின் முதல் பத்தியாக அதைத்தான் எழுதப்போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மூன்று நிறுவனத்துக்கும் கொள்முதல் விதிகள் வேறு வேறு. எந்த விதிப்படி டெண்டர் போடுவது? யார் பெயரில்?

பழைய_மருந்தாளுநர் பதில்:

தம்பி, மூன்று பேர் பெயரிலும் போட வேண்டாம். ஒருவர் முன்னணியாக இருந்து தன் கொள்முதல் கையேட்டின்படி டெண்டர் விட்டு விலை ஒப்பந்தம் செய்யட்டும். மற்ற இருவரின் பெயரும் தேவையும் சரக்கு சேர வேண்டிய முகவரியும் அந்த டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். விலை முடிவானதும் ஆர்டரும் பணமும் அவரவர் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம். அப்போது யாருடைய பணமும் அடுத்தவர் கணக்குக்குப் போகாது, தணிக்கையில் கேள்வி வராது. ஒருவர் பில்லைத் தாமதித்தால் மூவர் பெயரும் கெடும் என்பதால், எத்தனை நாளுக்குள் பணம் கொடுப்போம் என்று மூன்று நிதிப் பிரிவும் கையெழுத்திட்ட ஒரு ஒப்பந்தம் முன்பே வேண்டும். மத்தியப் பொதுத்துறை என்பதால் 2012 ஆணைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கான பங்கும் உங்களுக்குப் பொருந்தும். ஜெம் தளத்தின் (மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தை) வழியாகத்தான் போக வேண்டுமா என்பதையும் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

அதற்கெல்லாம் முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள். மருந்தின் பொதுப் பெயர், வீரியம், வடிவம், மூன்று மருத்துவமனையின் கடந்த மூன்று வருட உபயோகம் தனித்தனியாக, கடைசியாக வாங்கிய விலை, பில் தேதி, பணம் கொடுத்த தேதி. இருப்பில்லாமல் போன மாதங்களையும் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உபயோகம் குறைவாகத் தெரிந்து தேவையையும் குறைத்துப் போட்டுவிடுவீர்கள். காலாவதியாகித் தூக்கி எறிந்ததற்கும் தாளில் ஒரு தனிக் கட்டம். மிச்ச ஆயுள் ஆறில் ஐந்து பங்காவது இருக்க வேண்டும் என்று டெண்டரில் கேட்க அது உதவும்.

மற்ற இரண்டு ஸ்டோர்காரர்களிடமும் அதிகாரிகள் வழியாகப் போவதற்கு முன் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். இருப்பைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். தாள் தயாரானதும், மருத்துவமனைப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். அளவுகளை நானும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.